சிவப்புத் துணி கட்டிய வண்டி

எல்க் ஃபோர்க், தெற்கு டகோடா
21 ஜூன் 1993

அர்டிஸ்,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன். இப்போது நானே சொல்லியும் விட்டேன்.

தொலைபேசியில் பேச முடியாது. அது சமையலறைச் சுவரில் இருக்கிறது. நான் அதைத் தொட்டாலே மருமகள் டெனீஸுக்கு அந்த நிமிஷம்தான் அடுப்பு துடைக்க வேண்டியிருக்கும். அதனால் கடிதம்.

முதலில் ஒன்று செய்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரியாததில்லை. என் புத்தி சரியாக இருக்கிறதா என்று நானே பரீட்சை வைத்துக்கொள்கிறேன், தப்பிருந்தால் திருத்தி அனுப்பு.

என் பெயர் மேக்சீன் கிரெப்ஸ். வயது அறுபத்தேழு. என் கணவர் லியோ போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவர் போன அடுத்த மாதமே பசு மாடுகளை விற்றுவிட்டு, பதினேழடி நீளத்தில் மஞ்சள் கோடு போட்ட, உள்ளேயே படுத்துச் சமைக்கிற ட்ரெய்லரோடு நிம்மதியாக இருக்கிறேன். நம் சங்கத்தின் பெயர் ஊர்சுற்றிக் கோழிகள். முப்பத்தொரு பெண்கள். மே முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு வார இறுதி ஏரிக்கரையில் முகாம். ஆண்களுக்கு இடமில்லை. அவரவர் வண்டியை அவரவரே பின்னுக்கு எடுத்து நிறுத்த வேண்டும், அவரவரே கொக்கி மாட்ட வேண்டும். ஆனால் புறப்படுமுன் நம் ஜோடி குனிந்து பார்ப்பாள். கொக்கி, அது கழலாமல் குறுக்கே செருகும் ஆணி, சங்கிலி, விளக்கு, படிக்கட்டு எல்லாம் சரியென்றால் இடது கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டுவாள். துணி இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. நீ முகாம் தலைவி, ஒன்பது வருடமாக என் ஜோடியும் நீதான். சரியா?

ஜூன் ஐந்தாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் மழை என்றார்கள். இருட்டுமுன் கொக்கி மாட்டிவிட்டேன். நீ குனிந்து பார்த்துத் துணி கட்டினாய். அன்றிரவு உன் கணவர் ஓரின் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்து, விடியுமுன்னே நீ கிளம்பிப் போய்விட்டாய். நான் பத்து மணிக்கு எழுந்தேன், துணியைப் பார்த்தேன், காபி குடித்தேன், புறப்பட்டேன். வாசலைத் தாண்டி மேட்டில் ஏறும்போது ட்ரெய்லர் கொக்கியை விட்டுக் கழன்றது. ஒரு சங்கிலி அறுந்தது. மற்றது பிடித்திருந்ததால் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. பின்னால் வந்த காரில் ஒரு குடும்பமே இருந்தது. ஒரு கஜம் தள்ளி நிறுத்தினார்கள். அந்தப் பெண் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “ஆணியே போடலியேம்மா. மறந்துட்டீங்க” என்றார்.

இதுவரை பாஸா? இனி நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டியது. அன்று சாயங்காலம் என் மகன் கர்டிஸ் உன்னோடு தொலைபேசியில் பேசினான். பேசி முடித்து டெனீஸிடம் சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். “அர்டிஸே சொல்லிட்டாங்க. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாவே ஞாபகம் பிசகுதாம்.”

கொஞ்ச நாளாகவா? எப்போதிலிருந்து? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

மறுநாளே, ட்ரெய்லரை இழுக்கும் என் பிக்கப் வண்டியின் சாவி அவன் சட்டைப்பைக்குப் போய்விட்டது. பள்ளத்திலிருந்து இழுத்து வந்த ட்ரெய்லரைக் கொட்டகை ஓரத்தில் விட்டு, அதன் முன்னால் உலர்புல் உருண்டைகளை அடுக்கியிருக்கிறான். ஒவ்வொன்றும் ஆளுயரம், ஒன்பது உருண்டை. “வேற இடமில்லம்மா” என்கிறான். ஆயிரம் ஏக்கரில் இடமில்லையாம்.

மேக்சீன்


வெல்டன்
30 ஜூன்

அன்புள்ள மேக்சீன்,

உன் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை. நீ பாஸ்.

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஓரினுக்கு இடுப்பில் எலும்பு முறியவில்லை, நல்ல காலம். ஆனால் வீக்கம் வடிய மூன்று வாரம் என்றார்கள். வலது பக்கம் அசையாத மனிதரை இடது பக்கமும் அசையாமல் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படியென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை ‘போகலாம்’ என்பது உனக்குத் தெரியும். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். இந்த வாரம் முழுக்க நிமிஷத்துக்கு ஒரு முறை “போகலாம்… போகலாம்”. நான் சமையலறையில் நின்று, எங்கே போகலாம், நீயே சொல்லு என்று கத்திவிட்டேன். பிறகு அழுதேன். பிறகு அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

இங்கே மழை விடவே இல்லை. சோளம் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

கர்டிஸ் விஷயம். அவன் பதறிப்போய்க் கேட்டான், நானும் பதறிப்போய் ஏதோ சொன்னேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மூன்று வருடமாக எனக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. வயதானால் எல்லோருக்கும் உள்ளதுதானே? ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட்டால் உனக்கும் நிம்மதி, கர்டிஸுக்கும் நிம்மதி.

ஒன்பதாம் தேதி முகாமுக்கு ஓரினைப் பார்த்துக்கொள்ள அவர் தங்கை பியூலா வருகிறாள். “தலைவி இல்லாம முகாம் நடக்காதுங்கறதாலதான் வர்றேன் அண்ணி. சும்மா பிக்னிக் போறதுக்குன்னா நான் என் வீட்டைப் போட்டுட்டு வரமாட்டேன்” என்று இந்த முறையும் சொல்லிவிட்டாள். வருடத்துக்கு ஐந்து வார இறுதி. அதற்கு நான் அவளுக்கு ஐம்பத்திரண்டு வாரமும் நன்றி சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அர்டிஸ்


எல்க் ஃபோர்க்
7 ஜூலை

அர்டிஸ்,

போனேன் டாக்டரிடம். நீ சொன்னதால் இல்லை, கர்டிஸ் கூட்டிக்கொண்டு போனான். கைக்குட்டையை மடக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு… எழுபத்தொன்பதில் நின்றுவிட்டது. டெனீஸ் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். அவளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள் என்று கேட்கலாமென்றிருந்தேன். கேட்டால் கோபம் அதிகமாகிறது, அதுவும் ஒரு அடையாளம் என்று எழுதிக்கொள்வார். கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தேன். ஆகஸ்டில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் தேர்வையும் திரும்ப எழுத வேண்டுமாம்.

காலையில் கண்விழித்ததும் முதல் வேலை, என்ன கிழமை, என்ன தேதி, ஜனாதிபதி யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வது. சரியாகச் சொன்னால் எழுந்திருக்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை இறங்கி வந்து பார்க்கிறேன். மூன்றாவது தடவை டெனீஸ் பார்த்துவிட்டாள். அன்று மாலையே கர்டிஸ், “அம்மா, அடுப்பை டெனீஸ் பாத்துக்குவா. நீங்க நிம்மதியா உக்காருங்க” என்றான். உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்பது புல்லுருண்டை, அதற்குப் பின்னால் மஞ்சள் கோடு ஒரு சாண் தெரிகிறது.

அர்டிஸ், நான் ஆணியைப் போட்டேன். போட்டது கையில் இருக்கிறது. குனிந்து செருகும்போது மணிக்கட்டில் ஒரு கொசு கடித்தது, ஆணி விழுந்துவிடுமே என்று அதை அடிக்காமல் விட்டேன். இவ்வளவு துல்லியமாக ஒருத்தி இல்லாததை நினைக்க முடியுமா? இப்போது அதிலும் சந்தேகம் வருகிறது. அது போன வருடத்துக் கொசுவாக இருக்குமோ என்று.

நீதான் குனிந்து பார்த்தவள். உனக்குத் தெரியும். ஆணி இருந்தது என்று கர்டிஸுக்கு ஒரு வரி எழுது. அல்லது, பார்க்காமலே துணி கட்டிவிட்டேன் என்று எழுது, நான் கோபிக்க மாட்டேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. எனக்கு இப்போது அந்த ஒரு வரிதான் அச்சாணி. அபெர்டீனிலிருந்து ஒருவன் ட்ரெய்லரைப் பார்க்க வந்துபோனான். கர்டிஸ் விற்றுவிடச் சொல்கிறான். பத்திரம் என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும். நான் இன்னும் போடவில்லை.

மேக்சீன்


வெல்டன்
14 ஜூலை

அன்புள்ள மேக்சீன்,

முகாம் முடிந்து ஞாயிறு வந்தேன். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். மழையில் நெருப்பு பிடிக்கவில்லை, பத்துப் பேர் ஃபிலிஸின் ட்ரெய்லருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அவளுடைய நாய்க்கு இடமில்லை, அது கோபித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் படுத்தது. சனிக்கிழமை பொதுச் சாப்பாட்டுக்கு ஏழு பேர் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார்கள், இறைச்சி ஒருத்தியும் கொண்டுவரவில்லை. “ஆளாளுக்கு மத்தவ கொண்டுவருவான்னு நெனச்சா இப்படித்தான்டி” என்று ஃபிலிஸ் திட்டித் தீர்த்தாள். நீ இருந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பாய்.

வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிநேரம் தூங்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. விழித்தபோது எங்கே இருக்கிறேனென்று தெரியவில்லை, தெரிந்ததும் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நீ கேட்டது. அன்று சாயங்காலம் வெளிச்சம் குறைந்துவிட்டது. ஜோடி வராதவர்களுக்கும் சேர்த்துப் பதினான்கு வண்டிக்கு நான் துணி கட்டினேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால், அவ்வளவு உறுதியாக… கர்டிஸுக்கு என்னவென்று எழுதுவேன்? தப்பாக எழுதி, நாளைக்கு நீ மறுபடி ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால்?

அந்தக் காரில் குழந்தை இருந்ததை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அர்டிஸ்


எல்க் ஃபோர்க்
19 ஜூலை

அர்டிஸ்,

சரி.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீயே சத்தியம் செய்ய முடியாதென்றால் அது என் தப்புத்தான். கொசு போன வருடத்ததுதான். உன்மேல் கோபமில்லை. நீ மென்று முழுங்கி எழுதியதைப் பார்த்தால், எனக்கு வலிக்கக் கூடாதென்று பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாய் என்று புரிகிறது. முதல் கடிதத்தில் ‘அன்புள்ள’ போடாததற்கு இப்போது போட்டுக்கொள்.

திங்கட்கிழமை, இருபத்தாறாம் தேதி அபெர்டீன்காரன் வருகிறான். கையெழுத்துப் போடப் போகிறேன். அடுத்த முறை பின்னால் வருகிற கார் ஒரு கஜத்தில் நிற்காது.

கர்டிஸ் கெட்டவன் இல்லை. பயப்படுகிறான். அவன் அப்பாவும் இப்படித்தான், பயந்தால் எதையாவது பூட்டி வைப்பார்.

கோழிகளை நான் விசாரித்ததாகச் சொல். என் ஊதா நிறக் கூடார நாற்காலி ஃபிலிஸிடம் இருக்கிறது, அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மேக்சீன்


வெல்டன்
23 ஜூலை, வெள்ளி

மேக்சீன்,

கையெழுத்துப் போடாதே.

இந்த உறையில் இருக்கும் ஆணி உன்னுடையது. மூக்கில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருப்பாயே, அதுதான்.

இதை எப்படி எழுதினாலும் ஒன்றுதான், அதனால் நடந்தபடியே எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் குனிந்து பார்த்தேன், ஆணி இருந்தது. நீ கொசுக்கடியைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் நின்றாய். துணி கட்டினேன். விடிகாலை நாலரை மணிக்குப் பூங்காக் காவலர் வந்து கதவைத் தட்டினார். ஓரின் விழுந்துவிட்டார், தலையில் ரத்தம் என்று பியூலா சொல்லச் சொன்னாளாம். ஓடிப்போய்க் கொக்கி மாட்டினேன். என் ஆணியைக் காணவில்லை. ஈரப் புல்லில் டார்ச் அடித்துத் தேடினேன். பக்கத்தில் உன் வண்டி தயாராக நின்றது. உருவிக்கொண்டேன். நீ பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாய், வாசலில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாமென்று நினைத்தேன். வாசலில் யாருமில்லை. உன்னை எழுப்பியிருக்கலாம். கதவைத் தட்டினால் நீ எழுந்து காபி போட்டு, கூடவே வருகிறேன் என்று ஆரம்பிப்பாய், பத்து நிமிஷம் போய்விடும் என்று நினைத்தேன். பத்து நிமிஷம்.

துணியையாவது அவிழ்த்திருக்க வேண்டும். ஆணியை எடுத்தவள் துணியை விட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக நான் கட்டியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் யார் வண்டியிலிருந்தும் அவிழ்த்ததில்லை. கைக்குத் தோன்றவே இல்லை.

ஊர் வந்து ஓரினைப் படுக்கவைத்து, சாயங்காலம் கொக்கியைக் கழற்றும்போதுதான் மஞ்சள் மூக்கைப் பார்த்தேன். ஓடிப்போய் உன் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். கர்டிஸ் எடுத்தான். நான் வாய் திறக்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “அம்மா மறந்துட்டாங்க. முன்னாடியும் இப்படி ஏதாவது பாத்தீங்களா?” என்றான். பின்னால் பியூலா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் சங்கம் என்னைத் தலைவியாக வைத்திருக்காது. தலைவி இல்லையென்றால் பியூலா வரமாட்டாள். அவள் வராவிட்டால் ஐந்து வார இறுதியும் போய்விடும். இவ்வளவையும் ஒரு மூச்சுக்குள் யோசித்துவிட்டு, “ஆமா, கொஞ்ச நாளாவே கொஞ்சம்…” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு அதை உன்னையே சாப்பிடவும் வைத்தேன்.

கர்டிஸுக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சங்கத்துக்கு மட்டும் சொல்லிவிடாதே. கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அர்டிஸ்


எல்க் ஃபோர்க்
16 ஆகஸ்ட்

அர்டிஸ்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ட்ரெய்லர் திங்கட்கிழமை போய்விட்டது.

கையெழுத்தை நானேதான் போட்டேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. அபெர்டீன்காரன் நல்ல மனிதன், “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா” என்றான். அவன் கிளம்புமுன் ஆணியைச் செருகி இழுத்துப் பார்த்தான், புது ஆணி. நான் தள்ளி நின்றேன். என்னிடம் சரிபார்க்கச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

நீ அந்தக் கடிதம் எழுதிய வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்து, எடுத்ததும் வைத்துவிட்டார்கள் என்று டெனீஸ் அன்றே சொன்னாள். அது நீதானே? டெனீஸ் குரலைக் கேட்டு வைத்துவிட்டாய். “மேக்சீனைக் கூப்பிடு” என்று இரண்டு வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரமாகும்? ட்ரெய்லரைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கர்டிஸ் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு சாவியை மேஜைமேல் வைத்தான். “இருந்தாலும் அம்மா, ஏழு ஏழா கொறைக்க முடியலியே” என்றான். முதலில் சிரித்தேன், பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பார், இப்போது உண்மை வந்தும் பிரயோஜனமில்லை. சந்தேகம் ஒரு தரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கும் ஒரு தட்டு வைத்துவிடுகிறார்கள். அடுப்பை இன்னும் டெனீஸ்தான் பார்த்துக்கொள்கிறாள். இந்தத் தடவை டாக்டர் எல்லாம் சரியென்றார். ஓட்டுநர் தேர்வில் ஒரு கேள்விதான் தப்பு. ஆனாலும் காலையில் எழுந்ததும் தேதியும் ஜனாதிபதியும் வந்துவிடுகிறார்கள். ஏழு வாரம் நான் என்னையே ஒரு திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன், அர்டிஸ். நீ எடுத்தது ஆணியை மட்டும் என்று நினைக்காதே.

உன்னை மன்னிக்கவில்லை. அதை எழுதிவைக்கிறேன், பிறகு குழப்பம் வேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். செப்டம்பர் பதினாறு, வியாழக்கிழமை, நான் உன் வீட்டுக்கு வருகிறேன். நான்கு நாள் ஓரினை நான் பார்த்துக்கொள்கிறேன். என் அம்மாவை ஏழு வருடம் பார்த்தவள் நான், தூக்கவும் திருப்பவும் தெரியும். பியூலாவை வர வேண்டாமென்று சொல்லிவிடு. நீ முகாமுக்குப் போ. சனிக்கிழமை நெருப்பு மூட்டியதும் எழுந்து நின்று, மேக்சீன் மறக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இருபத்தொன்பது பேர் முன்னாலும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீயும் வாயேன், சேர்ந்து சொல்லலாம் என்று எழுதாதே. வர மாட்டேன். அவர்களுடைய பரிதாபப் பார்வை மாறிய பிறகுதான் அந்த ஏரிக்கரையில் கால் வைப்பேன். அதுவரை எனக்கு இந்த வீட்டு மாடியும் ஒன்றுதான், உன் வீட்டுக் கூடமும் ஒன்றுதான். உன் வீட்டில் அடுப்பாவது என் கையில் இருக்கும்.

மேக்சீன்


வெல்டன்
24 ஆகஸ்ட்

மேக்சீன்,

வா. சொல்கிறேன்.

ஆமாம், வெள்ளிக்கிழமை கூப்பிட்டது நான்தான்.

அர்டிஸ்


ஏரிக்கரை முகாம்
19 செப்டம்பர், ஞாயிறு மதியம் இரண்டு மணி

மேக்சீன்,

இதை ஃபிலிஸிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் வெல்டன் வழியாகத்தான் போகிறாள். நாலரைக்கு உன் கையில் கிடைக்கும்.

சொல்லிவிட்டேன். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது, எல்லோர் முகமும் தெரிந்தது. எழுந்து நின்று நடந்த வரிசையிலேயே சொன்னேன். ஆணி, துணி, தொலைபேசி, கர்டிஸிடம் நான் சொன்ன பொய். டாக்டரைப் பார் என்று நான் உனக்கு எழுதியதையும் சொன்னேன், அதைச் சொல்லச் சொல்லி நீ கேட்கவில்லை. முடித்ததும் ஃபிலிஸ், “அவ கையெழுத்துப் போட்டப்போ ஒனக்குத் தெரியுமாடி?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் எழுந்து தன் வண்டிக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். நெருப்பை நானே அணைத்தேன்.

காலையில் யாரோ என் படியில் ஒரு கோப்பைக் காபி வைத்திருந்தார்கள். யாரென்று தெரியவில்லை. பத்து மணிக்கு ஓட்டெடுத்து ஃபிலிஸைத் தலைவியாக்கினார்கள். என்னையும் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். உனக்கு எல்லோரும் சேர்ந்து எழுதுகிறார்கள். பழைய ட்ரெய்லர் ஒன்று ஃபிலிஸின் அண்ணன் கொட்டகையில் இருக்கிறதாம், குளிர்காலத்தில் சரிபண்ணி மே மாதத்துக்குள் உன் வாசலில் நிறுத்தப்போகிறார்களாம். உன் ஜோடி யார் என்று பேச்சு வந்தது. மூன்று பேர் நான் நான் என்றார்கள்.

இந்த முறையும் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கே எல்லோரும் போய்விட்டார்கள். ஃபிலிஸ் மட்டும் என் வண்டியைச் சரிபார்ப்பதற்காக நின்றாள். குனிந்து பார்த்தாள், துணி கட்டினாள். நான் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். பிறகு அணைத்துவிட்டேன். மறுபடி கிளப்பினேன். மூன்று தடவை. தலை வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தன் வண்டிக்குள் இருந்தபடி என்னையே பார்க்கிறாள்.

வாசலைத் தாண்டினால் வலது பக்கம் வெல்டன். இடது பக்கம் மேற்கே போகிற பெருஞ்சாலை, அது மொன்டானாவில் என் தங்கை ஐனெஸ் வீடு வரைக்கும் போகும். பெட்ரோல் நிறைய இருக்கிறது. பியூலாவிடம் இனி தலைவி இல்லை என்று சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அவள் வரமாட்டாள். நீயும் மன்னிக்கவில்லை என்று எழுதிவிட்டாய், அது நியாயம். ஆக இனி என் கதவை வெளியிலிருந்து திறக்க யாருமில்லை. இடது பக்கம் திரும்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஓரின் என்ன ஆவார் என்று யோசித்தேன். நீ இருக்கிறாய் என்று உடனே பதிலும் வந்தது. அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வந்ததில்தான் பயந்துபோனேன், மேக்சீன். உன் ஆணியை உருவியபோதும் இப்படித்தான் சுலபமாக வந்தது.

என்னை நான் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதை ஃபிலிஸ் கொண்டுபோய்விட்டால் நீ நாலரைக்குப் படித்துவிடுவாய், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாய். நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் நான் வந்துதானே ஆக வேண்டும்? வர ஆசையாக இருக்கிறதா என்று மட்டும் வந்ததும் கேட்காதே.

ஆறு மணி மாத்திரையை நீ கொடுத்துவிடு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். எட்டு மணி மாத்திரைக்கு நான் இருப்பேன்.

அர்டிஸ்